கிரயப் பத்திரத்தைக் குழுவில் பகிரும் முன் ஆதார் எண்ணை மறைக்கக் கறுப்புக் கட்டம் போதுமா?

கேள்வி (2025 ஜூன் 3)

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பிரிபடாத பாக நிலத்தின் (மொத்த மனையில் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய பங்கு) அளவு குறித்துத் தகராறு நடக்கிறது. அவரவர் கிரயப் பத்திரத்தைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடும்படி செயலாளர் சொல்லிவிட்டார். என்னிடம் ஸ்கேன் செய்த பிடிஎஃப் இருக்கிறது. ஆதார், பான், கைபேசி எண்கள் மீது கறுப்புக் கட்டம் வரைந்து சேமித்துவிட்டேன். திரையில் ஒன்றும் தெரியவில்லை. இதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை என்பது என் எண்ணம். சரிதானே?

ஜூன் 3, இரவு

சரியில்லை. பிடிஎஃப் என்பது பக்கத்தின் படமன்று. பக்கத்தை எப்படி வரைய வேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் கட்டளைகளின் வரிசை. இன்ன எழுத்துருவை எடுத்து, இன்ன இடத்தில், இன்ன எழுத்துகளை வை என்று ஒரு கட்டளை முன்னாலேயே இருக்கும். நீங்கள் கட்டம் வரைந்தபோது அதற்குப் பின்னால் இன்னொன்று சேர்ந்தது: கறுப்பு நிறம், இடமிருந்து இவ்வளவு, கீழிருந்து இவ்வளவு, அகலம், உயரம், நிரப்பு. முந்தைய கட்டளையை யாரும் தொடவில்லை. சுவரில் எழுதியிருப்பதை அழிக்காமல் அதன் மேல் காலண்டரை மாட்டினால் எப்படியோ அப்படித்தான் இது. பல செயலிகளில் அந்தக் கட்டம் பக்கத்துக்குள்கூடச் சேர்வதில்லை. தனிக் குறிப்பாக மேலே மிதக்கிறது, பெறுபவர் அதைச் சொடுக்கி நீக்கிவிடலாம்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். கணினியில் கோப்பைத் திறந்து, பக்கம் முழுவதையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள்.

ஜூன் 3, சற்று நேரம் கழித்து

“ஸ்கேன்தானே, அதில் எழுத்து எங்கே இருக்கிறது?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் கைபேசி ஸ்கேன் செயலிகள் பலவும், அலுவலக ஸ்கேனர்கள் பலவும், எடுத்த படத்தை அப்போதே படித்து, அதிலுள்ள சொற்களைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தடுக்காகப் பக்கத்தில் பதித்துவிடுகின்றன. தேடும் வசதிக்காகச் செய்யப்படும் ஏற்பாடு இது. படத்தின் மேல் எத்தனை கறுப்பு பூசினாலும் அந்த அடுக்கு அப்படியே இருக்கும். தமிழ்ப் பத்திரத்தில் அது பெரும்பாலும் கொச்சையாகப் பதிந்திருக்கும் என்றாலும், எண்களைப் பொதுவாகச் சரியாகவே பிடித்துவிடும். நாம் மறைக்க விரும்புவதும் எண்களைத்தான்.

ஜூன் 4

இது கணினி அறியாதவர்களுக்கு மட்டும் நேரும் சறுக்கல் என்று யாரும் எண்ண வேண்டாம். 2005 மார்ச்சில் பாக்தாதில் அமெரிக்கப் படையினர் சுட்டதில் இத்தாலிய உளவு அதிகாரி நிக்கோலா காலிபாரி இறந்தார். அதைப் பற்றிய அமெரிக்க ராணுவ அறிக்கை சில வாரங்களில் பிடிஎஃப் ஆக வெளிவந்தது. கறுப்பிட்ட பகுதிகளை நகலெடுத்து ஒட்டியவர்களுக்குப் படைவீரர்களின் பெயர் உட்பட எல்லாம் கிடைத்தது. அந்த ஆண்டின் இறுதியிலேயே அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை, வேர்டிலிருந்து பிடிஎஃப் ஆக்கும் ஆவணங்களில் ரகசியப் பகுதிகளை எப்படி அகற்றுவது என்று ஒரு கையேடே போட்டது. இருந்தும் 2011இல் பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சகம் அணுசக்தி நீர்மூழ்கிகள் பற்றிய ஓர் ஆவணத்தில் அதையே செய்தது. 2019 ஜனவரியில், டிரம்பின் 2016 தேர்தல் பிரசாரத் தலைவராக இருந்த பால் மானஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் வாஷிங்டன் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுவிலும் அதே கறுப்புப் பட்டை, அதே நகலெடுப்பு; தேர்தல் கருத்துக்கணிப்புத் தரவை மானஃபோர்ட், ரஷ்ய உளவுத்துறையோடு தொடர்புள்ளவர் என்று அமெரிக்கா கூறிய கான்ஸ்டான்டின் கிலிம்னிக்கிடம் கொடுத்தார் என்ற செய்தி அந்தப் பட்டையின் கீழிருந்துதான் உலகுக்குத் தெரிந்தது.

எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் அஸ்ட்ராஜெனெகாவுடனான தடுப்பூசி ஒப்பந்தத்தைச் சில பகுதிகளை மறைத்து வெளியிட்டது. பக்கங்களில் கறுப்பு சரியாகவே இருந்தது. பிடிஎஃப்பின் இடப்பக்கத்தில் தோன்றும் புக்மார்க் பட்டியலில் மறைத்த வாசகங்கள் வரிசையாக நின்றன. பக்கத்தைத் துடைத்தவருக்குப் பட்டியல் நினைவுக்கு வரவில்லை.

ஜூன் 5

அச்செடுத்து, மார்க்கர் பேனாவால் அடித்து, மறுபடி ஸ்கேன் செய்வதே பாதுகாப்பு என்று இங்கே இருவர் சொல்கிறார்கள். எழுத்தடுக்கு போய்விடும் என்பது உண்மை. ஆனால் மார்க்கர் மையும் அச்சு மையும் வெளிச்சத்தை ஒரே மாதிரி உறிஞ்சுவதில்லை. ஸ்கேனர் அந்த வேறுபாட்டைக் கண்டுவிடும். 2023 ஜூனில் மைக்ரோசாஃப்ட் வழக்கில் சான்பிரான்சிஸ்கோ நீதிமன்றத்துக்குப் போன சோனி ஆவணங்களில் இப்படித்தான் மார்க்கர் கோட்டுக்குக் கீழே விளையாட்டுகளின் தயாரிப்புச் செலவு படிக்கக் கிடைத்தது. கையால்தான் செய்வேன் என்பவர் அந்த இடத்தைப் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு ஸ்கேன் செய்யட்டும். அசிங்கமாக இருக்கும், ஆனால் ஓட்டையில் படிக்க ஒன்றும் இருக்காது.

கைபேசியில் ஹைலைட்டர் பேனாவைக் கறுப்பாக்கிப் பூசுகிறவர்களுக்கும் இதையே சொல்ல வேண்டும். அந்தப் பேனா ஒளி ஊடுருவும்படி அமைந்தது. பல தடவை தேய்த்தாலும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து எட்டிப் பார்க்கும். சதுரம் சதுரமாகக் கலங்கலாக்கும் மொசைக்கும் வேண்டாம். ஒவ்வொரு சதுரமும் அடியில் இருந்த நிறங்களின் சராசரி; எந்த எழுத்து வைத்தால் அந்தச் சராசரி வரும் என்று திரும்பக் கணக்கிடும் கருவிகள் 2020 முதல் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஜூன் 6

தமிழ் ஆவணங்களுக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கில வழிகாட்டிகளில் இது வராது. நான் மதுரையில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் ஆவணம் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளியே போகக் கூடாது என்பது சட்டம். ஆகவே, உத்தரவு நகலையோ வாக்குமூலத்தையோ வேறெவருக்கும் அனுப்பும் முன் பெயர், ஊர், உறவினர் பெயர், பள்ளி ஆகியவற்றை எடுத்தாக வேண்டும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்வது, கோப்பில் பெயரைத் தேடி, வருமிடமெல்லாம் நீக்குவது. ஆங்கிலத்தில் அது ஓரளவு செல்லும். தமிழ் பிடிஎஃப் கோப்பில், கண்ணெதிரே பெயர் இருக்கும்போதே, “கிடைக்கவில்லை” என்று பதில் வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருந்தால், திரையில் தெரிவது தமிழ்; கோப்பின் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும். யூனிகோடில் அடித்ததும் முழுவதும் தப்பிவிடுவதில்லை. கொம்பும் ஒற்றைக்காலும் எழுத்துக்கு முன்னும் பின்னுமாக இடம் மாறி, சில எழுத்துகள் உதிர்ந்து, “கோமதி” என்ற பெயர் உள்ளே நான்கைந்து துண்டாகக் கிடக்கும். தேடல் தோற்றுவிட்டதால் பெயர் இல்லை என்று முடிவு கட்டினால் ஆபத்து. பாமினி எழுத்துருவைத் தன் கணினியில் வைத்திருக்கும் எவரும் அந்த ஆங்கில எழுத்துகளை ஒட்டி, எழுத்துருவை மாற்றி, பெயரைப் படித்துவிடுவார்.

போதாததற்கு வேற்றுமை உருபுகள். “கோமதி” என்று தேடினால் “கோமதியின்”, “கோமதியிடம்” கிடைத்துவிடும். ஆனால் “மாணிக்கம்” என்று தேடினால் “மாணிக்கத்தின்” கிடைக்காது. சார்பதிவாளர் அலுவலகத் தாள்களிலோ ஒரே ஆள் “சுப்ரமணியன்”, “சுப்பிரமணியன்”, “சுப்பிரமணியம்” என்று மூன்று பெயருடன் வாழ்கிறார். தமிழ் ஆவணத்தில் தானாகத் தேடி நீக்கும் வசதியை நம்பாமல், ஒவ்வொரு பக்கத்தையும் ஆள் உட்கார்ந்து வாசித்துத்தான் ஆக வேண்டும். அலுப்புத் தட்டும் வேலை. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் குறிக்கிறார்.

ஜூன் 7

ஆதார் பற்றிக் கேட்டவர்களுக்கு. ஓரிரு இலக்கங்களை மட்டும் அடிப்பது பயனற்றது. பன்னிரண்டு இலக்கங்களில் கடைசி இலக்கம் வெர்ஹோஃப் முறைப்படி கணக்கிட்ட சரிபார்ப்பு எண். ஆகவே எந்த ஓர் இலக்கத்தை மறைத்தாலும், மற்ற பதினொன்றை வைத்து அதைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டை மறைத்தால் பத்து வாய்ப்புகளே மிஞ்சும். வங்கிக்கு முதல் எட்டை மறைத்த நகல், வீட்டு உரிமையாளருக்குக் கடைசி நான்கை மறைத்த நகல் என்று கொடுத்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு முழு எண்ணும் கிடைக்கும். எப்போதும் முதல் எட்டையே மறைக்க வேண்டும்.

கியூஆர் கட்டத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பழைய ஆதார் கடிதங்களில் அதற்குள் முழு எண்ணும் வெளிப்படையாகவே இருக்கிறது. புதியவற்றில் முழு எண் இல்லை. பெயர், பிறந்த தேதி, முகவரி, படம் எல்லாம் இருக்கின்றன. முகவரியைக் கறுப்பாக்கிவிட்டு கியூஆரை விட்டுவைத்தால் செய்த வேலைக்குப் பொருளில்லை.

எண் மறைத்த ஆதாரை, ஆதார் வழங்கும் ஆணையத்தின் இணையதளத்திலேயே தரவிறக்கலாம். நாமாக வெட்டி ஒட்டினால் குலைந்துபோகும் டிஜிட்டல் கையொப்பம் அதில் நிலைக்கும். 2022 மே மாதத்தில் நகல்களைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், மறைத்த ஆதாரையே கொடுங்கள் என்று ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் அறிவித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று சொல்லி அந்த அறிவிப்பு இரண்டே நாளில் திரும்பப் பெறப்பட்டது. அறிவிப்பைத்தான் திரும்பப் பெற்றார்கள். வசதி இன்னும் இருக்கிறது.

ஜூன் 9

பேச்சு பிடிஎஃப்பிலேயே சுற்றுகிறது. வேர்டையும் எக்செலையும் விட்டுவிட்டோம். வேர்ட் கோப்பின் நகலொன்றுக்கு ஜிப் என்று பெயர் மாற்றித் திறந்தால் உள்ளே சில கோப்புறைகள் இருக்கும். முதன்மை ஆவணத்தை நோட்பேடில் பாருங்கள். திருத்தங்களைப் பதிந்துவைக்கும் டிராக் சேஞ்சஸ் போட்டுத் திருத்தியதாக இருந்தால், நீக்கிய ஒவ்வொரு சொல்லும் நீக்கியவர் பெயருடனும் நாள் நேரத்துடனும் அங்கே இருக்கும். திருத்தங்களை மறைத்துக் காட்டு என்று சொல்வது திரைக்கு மட்டுந்தான். ஏற்கவோ தள்ளவோ செய்யாதவரை கோப்பில் அவை இருக்கவே செய்யும்.

எதிர்த்தரப்பு அலுவலகம் ஒன்று சமரச ஒப்பந்தத்தின் வரைவை இப்படி அனுப்பியது. தொகை இருந்த இடத்தில், தருவதாக அவர்கள் முதலில் எழுதியிருந்த பெரிய தொகை நீக்கப்பட்ட நிலையில் உள்ளே கிடந்தது. அதாவது, எதுவரை இறங்கிவர அவர்கள் தயாராக இருந்தார்கள் என்பது நாங்கள் கேட்காமலே வந்து சேர்ந்தது. எங்கள் சீனியர் பார்த்தவுடன் கோப்பை மூடச் சொல்லிவிட்டு, சுத்தமான பிரதியை அனுப்புங்கள் என்று அவர்களுக்குத் தொலைபேசினார். எல்லாச் சீனியர்களும் அப்படிச் செய்வார்கள் என்று என்னால் எழுத முடியாது.

வேர்டில் செதுக்கிய படமும் செதுக்கப்படுவதில்லை. வெட்டிய பகுதிகளை நீக்கு என்று தனியாகச் சொன்னால்தான் நீங்கும். ஆதார் அட்டையில் முகத்தை மட்டும் காட்டும்படி செதுக்கி ஒட்டிய விண்ணப்பத்தில், முழு அட்டையும் உடன் பயணம் செய்கிறது. எக்செலைப் பற்றிச் சொல்ல 2023 ஆகஸ்ட் 8 ஒன்றே போதும். வட அயர்லாந்துக் காவல்துறை, தகவல் கோரி வந்த ஒரு மனுவுக்கு அளித்த பதிலில் மறைத்து வைத்த தாள் ஒன்று இருந்தது. அதில் 9,483 காவலர், பணியாளர்களின் குடும்பப்பெயர், முதலெழுத்து, பணிநிலை, பணியிடம். காவலர் என்று அக்கம்பக்கத்துக்குத் தெரிந்தாலே உயிருக்கு ஆபத்தான ஊர் அது. 7,50,000 பவுண்டு அபராதம் விதித்தார்கள்.

ஜூன் 10

“குறை சொன்னது போதும், நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?” என்று கேட்டிருக்கிறார்கள்.

அக்ரோபாட் புரோ இருக்குமிடத்தில், குறித்த பகுதியை அடியோடு நீக்கும் ரெடாக்ட் கருவி. குறிப்பது ஒரு படி, அப்ளை கொடுப்பது இன்னொரு படி. முதல் படியோடு நிறுத்திச் சேமித்தால் வெறும் சிவப்புக் கட்டங்கள் மட்டும் மிஞ்சும், அடியில் எல்லாம் பத்திரமாக இருக்கும். அதன் பின் மறைந்திருக்கும் தகவல்களை நீக்கும் சானிடைஸ். பணம் கொடுக்க விரும்பாதவர்களுக்கு லிப்ரே ஆபீஸ் 6.3இல், அதாவது 2019 முதல், டூல்ஸ் பட்டியலில் ரெடாக்ட் இருக்கிறது. அது பக்கத்தைப் படமாக்கி ஏற்றுமதி செய்துவிடுவதால் எழுத்தடுக்கு தங்குவதில்லை.

இரண்டும் இல்லாவிட்டால், கட்டம் வரைந்த பக்கங்களை ஒவ்வொன்றாக 200 அல்லது 300 டிபிஐ அளவில் படமாக ஏற்றுமதி செய்து, அந்தப் படங்களிலிருந்து புத்தம்புதிய பிடிஎஃப் உருவாக்குங்கள். பழைய கோப்பின் மேலேயே சேமிக்காதீர்கள். பிடிஎஃப் வடிவத்தில் திருத்தத்தைக் கோப்பின் வாலில் சேர்த்துக்கொண்டே போக அனுமதி உண்டு. சேர்த்த வாலை வெட்டினால் முந்தைய நிலை திரும்பிவிடும். ஆசிரியர் பெயர், தேதி முதலியவற்றை நீக்க எக்சிஃப்டூல் பயன்படுத்துகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: பிடிஎஃப்பில் அது செய்யும் நீக்கம் திரும்பப் பெறக்கூடியது என்று அந்தக் கருவியின் ஆவணமே சொல்கிறது. கியூபிடிஎஃப் என்ற கருவி கொண்டு கோப்பை மறுபடி எழுதினால்தான் நிலைக்கும்.

படக்கோப்பையும் புதுப் பெயரில் சேமிப்பதே நல்லது. 2023 மார்ச்சில் கூகுள் பிக்சல் கைபேசிகளிலும் விண்டோஸ் 11இன் ஸ்னிப்பிங் டூலிலும் வெளிப்பட்ட குறை நினைவிருக்கலாம். செதுக்கிய சிறிய படத்தைப் பழைய கோப்பின் தலையில் எழுதிவிட்டு, மிச்சத்தை வெட்டாமல் விட்டிருந்தார்கள். அந்த மிச்சத்திலிருந்து, செதுக்கி எறிந்த பகுதியை மீட்க முடிந்தது.

கடைசியாக, அனுப்பப்போகும் அதே கோப்பை வேறொரு கணினியில் திறந்து, எல்லாவற்றையும் நகலெடுத்து ஒட்டிப் பார்க்கிறேன். புக்மார்க், இணைப்பு, பண்புகள் மூன்றையும் திறக்கிறேன்.

ஜூன் 11

நேற்றைய குறிப்பின் மேல் ஒரு யோசனை. படமாக்கிவிட்டால் பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானுக்கு அந்தக் கோப்பில் ஒன்றுமே இல்லை. எங்களுடன் பணிபுரியும் வழக்கறிஞர் ஒருவர் இதை முன்பே சுட்டிக்காட்டியிருக்கிறார். மறைத்து முடித்த படத்தின் மேல் டெசராக்ட் போன்ற எழுத்துணர் மென்பொருளை ஓட்டி, எழுத்தடுக்கைப் புதிதாக உருவாக்கலாம். கறுப்புக்குக் கீழே படிக்க ஒன்றுமில்லாததால் ரகசியம் கசியாது. தமிழில் பிழைகள் வரும், ஆனாலும் வெற்றுப் படத்தைவிட மேல். வரிசை முக்கியம்: முதலில் நீக்கம், பிறகுதான் எழுத்துணர்தல்.

ஜூன் 12

இத்தனையும் செய்துவிட்டு, அச்செடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போய், கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்கு மூலக் கோப்பை அனுப்புகிறோம். அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? ஊரிலுள்ளோர் ஆதார், சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், நகைக்கடன் அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் தேதி வாரியாக இருக்கும். கடைக்காரர்மேல் குறையில்லை, அழிக்க அவருக்கு நேரம் கிடையாது. பென்டிரைவில் கொண்டுபோய், கடையின் கணினிக்கு நகலெடுக்காமல் அதிலிருந்தே அச்சுக் கொடுக்கச் சொல்லலாம்.

ஜூன் 14

கூர்மையான ஒரு கேள்வி வந்திருக்கிறது: எழுத்தை முழுதாக நீக்கிவிட்டாலும் கறுப்புப் பட்டையின் நீளம் காட்டிக் கொடுக்காதா? கொடுக்கும். இல்லினாய்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் இதைத்தான் காட்டினார்கள். எழுத்துகளின் அகலமும் பக்கத்தில் அவை நிற்கும் நுண்ணிய இடமும் தெரிந்தால், பெயர்ப் பட்டியல் ஒன்றை வைத்து எந்தப் பெயர் பொருந்தும் என்று சலித்துவிடலாம். தமிழில் இது இன்னும் எளிது என்று நினைக்கிறேன். சாட்சிகள் கலா, மீனாட்சிசுந்தரம் என்று இருவர் மட்டும் என்றால், பட்டையைப் பார்த்தவுடன் ஆள் தெரிந்துவிடும். பெயரை எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் “சாட்சி 1”, “சாட்சி 2” என்று ஒரே அளவில் தட்டச்சு செய்து புதிதாகப் பிடிஎஃப் எடுப்பது, பட்டை அடிப்பதைவிட எனக்குப் பிடித்த வழி.

ஜூன் 15

கேட்டவர் தம் பத்திரத்தின் பக்கப் பட்டியலை எழுதியிருக்கிறார். எண்களையே பார்த்துக்கொண்டிருந்ததில் பெரிய ஆபத்தை விட்டிருக்கிறார்: பெருவிரல் ரேகை. பத்திரங்களிலிருந்து ரேகையை எடுத்து அச்சு வார்த்து, ஆதார் வழியாக வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்த வழக்குகள் கர்நாடகா உட்படச் சில மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன. கைபேசி எண்ணைப்போல் ரேகையை மாற்றிக்கொள்ளவும் முடியாது. ஆதார் இணையதளத்தில் பயோமெட்ரிக் பூட்டு இருக்கிறது, இன்றே போட்டுவிடுங்கள்.

அடுத்து, பத்திரம் முழுவதும் எதற்கு? தகராறு பிரிபடாத பாகத்தின் அளவைப் பற்றியது. அதற்குச் சொத்து விவர அட்டவணை உள்ள பக்கம் போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவும் கொடுக்கக்கூடிய பகுதியைப் பிரித்துக் கொடு என்றுதான் சொல்கிறது. இருபது பக்கத்தில் மறைக்க வேண்டியதைத் தேடிக்கொண்டிராமல், காட்ட வேண்டிய பக்கத்தை மட்டும் படமாக எடுத்து வையுங்கள்.

ஜூன் 15, மாலை

“ஒரு பக்கத்தை மட்டும் போட்டால் போலி என்பார்களே?” என்கிறார். ஆவண எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம் மூன்றையும் எழுதிவிடுங்கள். சந்தேகிப்பவர் பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகப் பார்க்கலாம், வேண்டுமானால் சான்றிட்ட நகலும் வாங்கலாம்.

உடனே இன்னொருவர் மடக்குகிறார்: 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, சொத்துப் பத்திரங்கள் பதியப்படும் முதல் புத்தகத்தை விண்ணப்பிக்கும் எவரும் பார்க்கலாமே, பிறகு எதை மறைக்கிறோம்? பார்க்கலாம்தான். அவர் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, தம் பெயரைப் பதிந்துவிட்டு, ஒரு பத்திரத்தைப் பார்ப்பார். வாட்ஸ்அப் குழுவில் போட்டதோ அன்றிரவே எத்தனையோ கைபேசிகளின் கேலரியில் இறங்கிவிடும். அனைவருக்கும் அழி என்று பின்னர் கொடுத்தாலும், தரவிறங்கியதெல்லாம் போய்விட்டதா என்று சரிபார்க்க வழியில்லை. ஆவண எண்ணும் ஆண்டும் குழுவுக்குப் போகட்டும். ரேகைப் பக்கம் போக வேண்டாம்.